பந்தைப் பார்க்காதீங்க, அந்த அஞ்சு பேரைப் பாருங்க

ஞாயிறு ராத்திரி பத்தரை மணிக்கு மதுரையில் உட்கார்ந்து என்.எஃப்.எல். என்கிற அமெரிக்கன் ஃபுட்பால் லீக் பார்க்கிறவர்கள் இப்போது கொஞ்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள். நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தபின் அதே ஆட்டம் நமக்குப் பதினொன்றரைக்கு. அவர்கள் ஞாயிறு இரவு ஆட்டம் என்பது நமக்குத் திங்கள் விடிகாலை, பால் பாக்கெட் வருகிற நேரம். எப்போது பார்த்தாலும் கண் போவது பந்து போகிற இடத்துக்குத்தான். குவார்ட்டர்பேக் எறிகிறார், ரிசீவர் பிடிக்கிறார், முடிந்தது. அந்த எறிதலுக்குத் தேவையான இரண்டரை, மூன்று விநாடியைச் சம்பாதித்துக் கொடுத்த ஐந்து பேரைக் கேட்டால், மூணு வருஷமாக ஆட்டம் பார்க்கிறவருக்கே பேர் தெரியாது. ஆஃபென்சிவ் லைன்மேன் என்கிற அந்த ஐவரின் பிழைப்பைப் பற்றியது இந்தப் பதிவு.

முதலில் ஆள் அடையாளம். குனிந்து பந்தைத் தன் காலிடுக்கு வழியாகப் பின்னால் கொடுப்பவர் சென்டர். அந்தக் கொடுப்புக்குப் பேர் ஸ்னாப், ஒவ்வொரு முயற்சியும் அதில்தான் தொடங்கும். அவருக்கு இரண்டு பக்கமும் கார்டுகள். ஓரங்களில் டாக்கிள்கள். சட்டை எண் பெரும்பாலும் 50-லிருந்து 79-க்குள் இருக்கும். இவர்களுக்கு எறிகிற பந்தைப் பிடிக்க உரிமை இல்லை. பந்து எறியப்படும் முன் ஸ்னாப் நடக்கும் கோட்டைத் தாண்டி ஒரு கெஜத்துக்கு மேல் போனால் 5 கெஜம் அபராதம். ஸ்னாப்புக்கு முன் அசைந்தால் 5 கெஜம். எதிராளியைப் பிடித்து நிறுத்தினால் 10 கெஜம். கபடி பார்த்துப் பழகிய நம்ம கண்ணுக்கு இந்தக் கடைசி விதிதான் உறுத்தும். கார்னரில் நிற்கிறவன் கணுக்காலைப் பிடித்தால் அங்கே பாயிண்ட். இங்கே 120 கிலோ ஆள் பாய்ந்து வருவான், அவனைப் பிடிக்காமல் நிறுத்த வேண்டும்.

நடுவர் எதைப் பார்த்து அபராதக் கொடி வீசுகிறார் என்று தெரிந்துகொண்டால் பாதி ஆட்டம் புரிந்துவிடும். கை எதிராளியின் மார்புக்குள், தோள் அகலத்துக்கு உள்ளே இருக்கும்வரை சட்டையை எட்டிப் பிடித்தாலும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கை தோளுக்கு வெளியே போய், எதிராளி திரும்ப முயலும்போது சட்டை இழுபட்டுத் தெரிந்தால் கொடி விழும். இதனால்தான் 'கை உள்ளே' என்பது பள்ளி அணியிலிருந்து இவர்கள் காதில் விழுகிற முதல் கட்டளை. சட்டையும் தோல்போல ஒட்டித்தான் இருக்கும். எதிராளி கொத்தாகப் பிடிக்கத் துணி கிடைக்கக் கூடாது என்று பேடுக்கும் சட்டைக்கும் நடுவே இருபக்க டேப் ஒட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

இனி ஒரே ஒரு ஆளை, இடது டாக்கிளை, ஒரே ஒரு ஸ்னாப்புக்குப் பார்ப்போம். இடது கால் சற்றுப் பின்னால், வலது கால் முன்னால். வலது காலின் உள்விளிம்பில் எடை. பந்து நகர்ந்ததும் வலது காலால் தரையைத் தள்ளி, இடது காலைப் பின்னுக்கும் சற்று வெளியேயும் வழுக்கினாற்போல வைக்கிறார். இதைக் கிக் ஸ்லைடு என்பார்கள். கால் தரையிலிருந்து ஓரிரு அங்குலத்துக்கு மேல் எழும்பக் கூடாது. காற்றில் இருக்கும் காலால் திசை மாற்ற முடியாது. இரண்டு பாதமும் ஒன்றோடொன்று இடிக்கவும் கூடாது. இடித்த நொடியில் அவர் ஒற்றைக் கம்பத்தில் நிற்கிறார், தோளில் ஒரு தட்டு போதும் சாய்ப்பதற்கு.

குவார்ட்டர்பேக்கை வீழ்த்த எதிரே பாய்ந்து வருகிற ரஷரின் உள்பக்கத் தோளுக்கு நேராகத் தன் மூக்கு இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். முழு உடம்புக்கும் எதிரே நின்றால் உள்பக்கம் திறந்துவிடும், அது குவார்ட்டர்பேக்குக்கு மிகக் குறுகிய வழி. வெளிப்பக்கத்தைக் கொடுக்கலாம், ஏனென்றால் அது சுற்றுவழி. குவார்ட்டர்பேக் ஏழிலிருந்து ஒன்பது கெஜ ஆழத்தில் நிற்கிறார் என்றால், ரஷரை அந்த ஆழத்தையும் தாண்டி வெளியே தள்ளிக்கொண்டு போனாலே வேலை முடிந்தது. தொலைக்காட்சியில் 'தப்பிவிட்டான்' என்று தோன்றும் பல இடங்களில் டாக்கிள் வேண்டுமென்றே அவனை அப்படி ஓடவிட்டிருப்பார். அந்த நேரத்தில் குவார்ட்டர்பேக் ஒரு அடி முன்னால் ஏற வேண்டும். ஏறாமல் பின்னாலேயே போய் எறியும் முன்பே வீழ்த்தப்பட்டால், அதாவது சாக் வாங்கினால், திட்டு விழுவது டாக்கிளுக்கு.

அடுத்தது கை. முழங்கை விலாவை ஒட்டி, கட்டைவிரல் மேலே பார்க்க, மார்பு மட்டத்திலிருந்து கை பாய வேண்டும். எப்போது என்பதில்தான் சம்பளம் இருக்கிறது. ரஷர் கைக்கெட்டும் தூரத்துக்குள் வருமுன் குத்தினால் குத்து காற்றில் போகும், குத்தியவரின் எடை முன்னால் சாயும், இடுப்பு வளையும். இடுப்பு வளைந்த லைன்மேனுக்குக் கால் செத்துப்போகும். எதிராளி அவர் கையைக் கீழே தட்டிவிட்டு மேலே கை வீசிக் கடந்துவிடுவான். தாமதித்தாலோ அவன் கை முதலில் நம் மார்புக்குள் வந்துவிடும். இரண்டு கையையும் ஒன்றாகக் குத்துவது பழைய பாடம். இப்போதெல்லாம் ஒரு கையை முதலில் விட்டு, மற்றதைக் கையிருப்பில் வைக்கச் சொல்கிறார்கள். முதல் கையை அவன் தட்டிவிட்டாலும் இரண்டாவது மிச்சம் இருக்கும். சில டாக்கிள்கள் பொய்யாக ஒரு கையை ஆட்டிக் காட்டி, அவன் தட்டுவதற்குக் கையை வீணாக்கியபின் உண்மையான குத்தை விடுவார்கள். ஆட்டத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இது தெரியும். எனக்கு இந்த விளையாட்டிலேயே பிடித்த காட்சி இதுதான்.

ரஷர்கள் பக்கமும் பாடம் உண்டு. இரண்டு கையால் தள்ளுவதைவிடத் தோளைத் திருப்பி ஒற்றைக் கையை நீட்டினால் அது கூடுதல் தூரம் போகும். லாங் ஆர்ம் என்கிற இந்த ஆயுதம் நல்ல டாக்கிளையும் பின்னால் நடக்க வைத்துவிடும். நேராக மார்பில் மோதித் தள்ளும் புல் ரஷ்ஷுக்கு மருந்து இடுப்பைத் தாழ்த்துவது. சின்னத் துள்ளலாக இரண்டு பாதத்தையும் ஒன்றாகப் பின்னால் வைத்து, குதிகால் தரையில் பதிய, அவன் கைக்கு அடியில் தன் கையை நுழைத்து மேல்நோக்கித் தூக்க வேண்டும். முதல் துள்ளலில் நிற்காவிட்டால் இரண்டாவது. மூன்றாவதும் தேவைப்பட்டால் குவார்ட்டர்பேக்கின் மடியில்தான் போய் விழுவார்.

இடது டாக்கிளுக்கு ஏன் இத்தனை மவுசு என்பதற்கு ஒரு தேதி சொல்வார்கள்: 1985 நவம்பர் 18. நியூயார்க் ஜயண்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்ததில் வாஷிங்டன் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால் எலும்பு முறிந்தது, அவருடைய ஆட்டமே அதோடு முடிந்தது. வலது கைக்காரர் எறியத் திரும்பும்போது முதுகு இடதுபக்கம் இருக்கும். அந்தப் பக்கம் வருகிறவனை அவரால் பார்க்க முடியாது. 1993-ல் வீரர்கள் அணி மாறிச் சம்பளம் பேசும் உரிமை வந்தபோது இடது டாக்கிள்களின் விலை ஏறியது. ஆனால் இன்றைக்கும் இதையே சொல்லிக்கொண்டிருப்பது பழைய கதை என்பேன். பிட்ஸ்பர்க்கின் டி.ஜே. வாட் போன்ற ரஷர்கள் பெரும்பாலும் வலது டாக்கிளின் தலைமேல்தான் வந்து நிற்கிறார்கள். டெட்ராய்ட்டின் பெனே சுவெல் வலது டாக்கிளாக ஆடியே 2024-ல் நான்கு ஆண்டுக்கு 11.2 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்.

உள்ளே இருக்கும் மூவரின் வேலை வேறு மாதிரி. அங்கே இடம் குறைவு, எதிராளி இன்னும் கனம், அடி ஸ்னாப்போடு சேர்ந்தே விழும். சென்டருக்கோ ஒரு கை பந்தில் மாட்டிக்கொண்டிருக்கும். அதற்கு முன்பே அவர் மூளை வேலையை முடித்திருக்க வேண்டும். எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களில் நடு ஆள் யார் என்று விரல் நீட்டிச் சொல்வார். மைக் என்று கத்துவது இதுதான். அந்த ஆளை வைத்துத்தான் ஐந்து பேரும் யார் யாரைப் பிடிப்பது என்று எண்ணுகிறார்கள். எண்ணிக்கை ஒன்று பிசகினால் யாரும் தொடாத ஒருவன் நேராக உள்ளே வருவான். தொலைக்காட்சியில் அது பக்கத்தில் இருந்த டாக்கிளின் தப்பாகத் தெரியும்.

வெளியூர் மைதானத்தில் கூட்டத்தின் இரைச்சலில் குவார்ட்டர்பேக் குரல் கேட்காது. அப்போது ஒரு கார்டு பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார். குவார்ட்டர்பேக் காலைத் தூக்கியோ தலையாட்டியோ சைகை காட்டியதும் சென்டரைத் தட்டுவார். சென்டர் தலையைத் தூக்கி ஆட்டி, மனசுக்குள் ஒன்று எண்ணி, பந்தைக் கொடுப்பார். டாக்கிள்கள் பந்தையோ அந்தத் தலையையோ ஓரக்கண்ணால் பார்த்துப் புறப்பட வேண்டும். இதில் ஒரு கோளாறு: எதிரணி ரஷரும் அதே தலையைத்தான் பார்க்கிறான். முதல் கால்வாசி ஆட்டம் முழுக்க ஒரே தாளத்தில் ஆட்டினால் அப்புறம் அவன் நமக்கு முன்னால் கிளம்பிவிடுவான். அதனால் நடுவில் ஒரு தரம் இரண்டு ஆட்டு ஆட்டி ஏமாற்றுவார்கள். அதில் சொந்த ஆளே ஏமாந்து முன்னால் அசைந்து 5 கெஜம் கொடுப்பதும் வாராவாரம் நடக்கிறது.

டாக்கிளும் கார்டும் சேர்ந்து கவிழ்கிற இடம் ஸ்டண்ட். எதிரணியின் உள் ஆள் சரேலென வெளியே திரும்பி நம் டாக்கிள் மேல் மோதுவான். அவன் பின்னாலேயே ஓரத்து ரஷர் வளைந்து உள்ளே வருவான். கார்டும் டாக்கிளும் ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு இருவரும் ஒரே ஆழத்தில் நிற்க வேண்டும். டாக்கிள் இரண்டு கெஜம் பின்னாலும் கார்டு கோட்டிலேயும் நின்றால் நடுவில் கதவு திறந்த மாதிரிதான். முன்கூட்டியே துப்பு கிடைக்கும்: வழக்கமாகப் பறந்து வரும் ஓரத்து ஆள் முதல் இரண்டு அடியை மந்தமாக வைத்தால் அவன் உள்ளே வளையப் போகிறான். புது ஆள்கள் இதைக் கற்க ஒரு முழு சீசன் ஆகும். இருவரும் சேர்ந்து பயிற்சி எடுத்த நாள்கள்தான் இதற்கு மருந்து. நல்ல ஐந்து பேரை விலைக்கு வாங்கி வைத்தும் முதல் மாதம் தடுமாறுகிற அணிகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

பந்தை எறியாமல் கையில் ஏந்தி ஓடுகிற ஓட்ட ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. இருவர் இடுப்போடு இடுப்பு ஒட்டி ஒரு ஆளைத் தள்ளி, பின்னால் நிற்கும் லைன்பேக்கர் எந்தப் பக்கம் நகர்கிறானோ அந்தப் பக்கத்தவர் கழன்று போய் அவனைப் பிடிப்பார். சீக்கிரம் கழன்றால் முதல் ஆள் நிமிர்ந்துவிடுவான், தாமதித்தால் லைன்பேக்கர் ஓட்டக்காரரைப் பிடித்துவிடுவான். லைன்மேன்களுக்கு மனசுக்குப் பிடித்த வேலை இதுதான். பின்வாங்குவதைவிட முன்னால் முட்டுவது யாருக்கும் சுகம்.

பிழைப்புக்கு வருவோம். பள்ளிப்படிப்பு முடிந்து மூன்று ஆண்டு ஆன பிறகே, அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் என்.எஃப்.எல். டிராஃப்டுக்குப் போக முடியும். அதாவது கல்லூரி அணிதான் நாற்றங்கால். பிப்ரவரி கடைசியில் இண்டியானாபோலிஸ் நகரில் காம்பைன் என்ற சோதனை நடக்கும். 102 கிலோ பாரத்தை எத்தனை தரம் மார்பிலிருந்து தூக்குகிறார் என்று எண்ணுவார்கள். 40 கெஜ ஓட்டத்துக்கு நேரம் எடுப்பார்கள். 145 கிலோ ஆள் 5.2 விநாடியில் ஓடினால் நல்ல ஓட்டம். டிரிஸ்டன் வர்ஃப்ஸ் 2020-ல் அந்த உடம்போடு 4.85-ல் ஓடினார். ஆனால் எந்த லைன்மேனும் ஆட்டத்தில் 40 கெஜம் நேராக ஓடப்போவதில்லை. விவரம் தெரிந்தவர்கள் முதல் 10 கெஜ நேரத்தைத்தான் குறித்துக்கொள்வார்கள். 1.8 விநாடிக்குள் என்றால் கால் இருக்கிறது என்று பொருள்.

அப்புறம் கை நீளம். தோள்பட்டை எலும்பின் முனையிலிருந்து நடுவிரல் நுனிவரை. டாக்கிளுக்கு 33 அங்குலம், நம் கணக்கில் கிட்டத்தட்ட 84 சென்டிமீட்டர், எழுதாத எல்லை. 2025-ல் எல்.எஸ்.யூ. கல்லூரியின் வில் கேம்பெல்லுக்குக் காம்பைனில் 32 5/8 அங்குலம்தான் வந்தது. அதன்பின் இவர் டாக்கிளா கார்டா என்று மாதக்கணக்கில் பட்டிமன்றம் நடந்தது. நியூ இங்கிலாந்து அவரை நான்காவது ஆளாக எடுத்து இடது டாக்கிளாகவே நிறுத்தியது. நீளக் கை என்றால் முதல் அடி நம்முடையது, அவ்வளவுதான். நேரம் பார்த்து அடிக்கத் தெரியாதவனுக்கு 35 அங்குலக் கையும் உதவாது.

டிராஃப்ட் ஏழு சுற்று. எடுக்கப்பட்டவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம். முதல் சுற்று ஆளுக்கு ஐந்தாவது ஆண்டை நீட்டிக்கும் உரிமை அணிக்கு உண்டு. யாரும் எடுக்காதவர் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் நுழையலாம். ஒப்பந்தம் என்றதும் பணம் நிச்சயம் என்று நினைக்கக் கூடாது. பயிற்சி முகாமில் 90 பேர், ஆகஸ்ட் கடைசியில் 53 பேர். நடுவில் கழித்துவிடப்பட்டால் கையெழுத்துப் போட்டபோது வாங்கியதும், உறுதியளித்த தொகையும் மட்டும்தான் மிச்சம்.

இந்த 53-ல் லைன்மேன் ஒன்பது பேர் இருப்பது வழக்கம். ஆட்ட நாளில் 48 பேரை இறக்க வேண்டுமானால் அவர்களில் எட்டுப் பேராவது ஆஃபென்சிவ் லைன்மேனாக இருக்க வேண்டும் என்று லீகும் வீரர் சங்கமும் போட்ட 2020 ஒப்பந்தத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். பெஞ்சில் இருக்கிற ஒருவரின் வயிற்றுப்பாடு முழுக்க இந்தக் கணக்கில் இருக்கிறது. தொடக்க ஆள்கள் ஐந்து, மிச்சம் மூன்று இடம். இந்த மூவர் ஐந்து இடத்துக்கும் பதிலாளாக நிற்க வேண்டும். அதனால் இரண்டு டாக்கிள் இடத்திலும் நிற்கத் தெரிந்த ஒருவர், இரண்டு கார்டோடு பந்தும் ஸ்னாப் செய்யத் தெரிந்த ஒருவர் என்று தேடுவார்கள். இடது கார்டு மட்டும்தான் ஆடுவேன் என்கிற திறமைசாலியைவிட, நான்கு இடத்தில் சுமாராக ஆடுகிறவருக்கு ஆயுள் அதிகம். சுமாரான டாக்கிள் ஒருவர் இரண்டு கோடை உட்கார்ந்து ஸ்னாப் கற்றுக்கொண்டால் நான்கு ஆண்டு கூடுதலாக ஆடலாம். ஹியூஸ்டனிலும் டென்னசியிலும் ஆடிய புரூஸ் மேத்யூஸ் ஐந்து இடத்திலும் தொடக்க ஆளாக நின்றவர். 1983-லிருந்து 2001 வரை 19 சீசன், 296 ஆட்டம். மேதைக்கும் அந்தப் பன்முகம் ஆயுள் கொடுத்தது.

இடது பக்கமிருந்து வலது பக்கம் மாறுவது லேசு என்று எண்ண வேண்டாம். தள்ளும் கால், வழுக்கும் கால், முதல் கை எல்லாம் தலைகீழ். இடது கையால் சாப்பிடச் சொன்ன மாதிரி இருக்கும் முதல் மாதம்.

சம்பளம். 2025-ல் புதியவருக்குக் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 8,40,000 டாலர், நம் பணத்தில் 7 கோடிக்கு மேல். 53-க்கு வெளியே பயிற்சிக்காக வைத்திருக்கும் பிராக்டிஸ் ஸ்குவாடில் இருப்பவருக்கு அந்த ஆண்டு வாரம் 13,000 டாலர். அது வாரக் கூலி. செவ்வாய்க்கிழமை கூப்பிட்டு அனுப்பிவிட்டால் அடுத்த வாரம் இல்லை. ஏஜெண்டுக்கு அதிகபட்சம் 3 விழுக்காடு, வரி தனி. உச்சியில் 2025-ல் சார்ஜர்ஸின் ரஷான் ஸ்லேட்டர் ஆண்டுக்கு 2.85 கோடி டாலர் கணக்கில் கையெழுத்துப் போட்டார். சென்டர்களுக்கு அவ்வளவு இல்லை: கன்சாஸ் சிட்டியின் கிரீட் ஹம்ஃப்ரி 2024-ல் நான்கு ஆண்டுக்கு 7.2 கோடி டாலர் வாங்கியதே பெரிய பேச்சாக இருந்தது. மைதானத்திலேயே அதிகம் யோசிக்கிறவருக்கு டாக்கிளைவிடக் குறைவான கூலி என்பது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை.

'அண்ணே, நம்ம பயலுகளுக்கு இதில் வழி இருக்கா?' இது மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கபடிக் குழு வைத்திருக்கிறவர்கள் கேட்கிற நியாயமான கேள்வி. சீனியர் கபடியில் 85 கிலோவுக்கு மேல் போனால் இடமில்லை. ஆறேகால் அடி வளர்ந்து 115 கிலோவில் நிற்கிற பையனுக்குக் குண்டு எறிதலை விட்டால் ஊரில் ஆட்டமே இல்லை. அவனுக்குச் சொல்ல ஒரு பேர் இருக்கிறது: ஜோர்டன் மைலாட்டா. சிட்னிக்காரர், ரக்பி லீக் ஆடியவர், அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். 2017-ல் என்.எஃப்.எல். தொடங்கிய பன்னாட்டு வீரர் திட்டம் வழியாக வந்தவரை 2018-ல் பிலடெல்பியா ஏழாவது சுற்றில் 233-ஆவது ஆளாக எடுத்தது. முதல் இரண்டு சீசனும் ஆடவே இல்லை. முதுகுக் காயத்தோடு பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லண்டிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். 2020-ல் இறங்கினார், 2021-ல் 6.4 கோடி டாலர் ஒப்பந்தம், 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்கிற இறுதிப் போட்டியை வென்ற அணியின் இடது டாக்கிள்.

இதைச் சொல்லும்போதே மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மைலாட்டா ஆறடி எட்டங்குலம், 160 கிலோவை ஒட்டிய எடை, அதைத் தூக்கிக்கொண்டு ரக்பியில் ஓரத்தில் ஓடுகிற விங்கர் மாதிரி ஓடுவார். சின்ன வயதிலிருந்து மோதல் ஆட்டத்தில் வளர்ந்தவர். உங்கள் பையனைச் சுவரோரம் நிறுத்திக் கை நீளத்தை அளந்து பாருங்கள். 84 சென்டிமீட்டர் இல்லை, ஆறடி மூன்றும் இல்லை என்றால் டாக்கிள் கனவை விட்டுவிடலாம்; கார்டு, சென்டருக்கு ஓரிரு அங்குலம் குறைந்தாலும் பரவாயில்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வரப்போகும் ஃப்ளாக் ஃபுட்பாலை நம்பியும் இந்தப் பையனைத் தயார் செய்ய வேண்டாம். அது ஐவர் ஆட்டம், மோதித் தடுப்பது கிடையாது, லைன்மேனும் கிடையாது.

உடம்பு கட்டுவது பற்றி நம்ம ஊரில் பெரிய தப்புக் கணக்கு ஓடுகிறது. 140 கிலோ என்றதும் பரோட்டா, கறிதோசை, ராத்திரி ஜிகர்தண்டா என்று கிளம்பிவிடுவார்கள். அந்த எடை தொந்தியில் ஏறும். லைன்மேனுக்கு வேண்டியது இடுப்பிலும் தொடையிலும் புட்டத்திலும். 140 கிலோ ஆளுக்கு நாளைக்கு 250 கிராம் அளவுக்குப் புரதம் வேண்டும். வெந்த கோழிக்கறி 100 கிராமில் சுமார் 30 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு நாள் கலோரி 5,000-த்தைத் தாண்டும். இட்லியில் அதை எடுக்க நினைத்தால் நூறு இட்லி, புரதமும் வந்து சேராது. ஐந்து, ஆறு வேளையாகப் பிரித்து, பசியில்லாமலே சாப்பிடுவதை ஓய்வுபெற்ற லைன்மேன்கள் பலர் வேலையிலேயே வெறுத்த பகுதியாகச் சொல்வார்கள். மாதம் ஒன்றரை, இரண்டு கிலோவுக்கு மேல் ஏற்றினால் பெரும்பாலும் கொழுப்புத்தான், கால் வேகம் குறையும்.

நமக்கு ஒரு சாதகம் உண்டு. குதிகால் தரையில் பதிய முழுசாகக் குந்தி உட்காரத் தெரிந்த பையனுக்குக் கணுக்கால் மடிப்பு இருக்கிறது. புல் ரஷ்ஷில் இடுப்பைத் தாழ்த்த அதுதான் ஆதாரம். குதிகால் தூக்கிக்கொண்டால் பின்னால் சறுக்குவார். நாற்காலியிலேயே வளர்ந்தவர்கள் இதற்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள்.

வெயிலைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். மின்னசோட்டா வைக்கிங்ஸின் டாக்கிள் கோரி ஸ்டிரிங்கர், வயது 27, 2001 ஜூலை 31 அன்று முழுக் கவசத்தோடு பயிற்சி எடுத்தபோது வெப்பத் தாக்கத்தில் சுருண்டார். உடல் வெப்பம் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. மறுநாள் விடியுமுன் இறந்தார். கனத்த உடம்பு அதிக வெப்பத்தை உண்டாக்கும், எடைக்கு ஏற்ற தோல் பரப்பு இல்லாததால் வெளியேற்றவும் முடியாது. மேலே கவசம் வேறு. சித்திரை மாத மதுரையில் சாயங்காலம் நாலு மணிக்கே மைதானத்தில் இறக்குகிற எல்லா விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கும் இது பொருந்தும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் பத்து, பதினான்கு நாள் நேரத்தையும் கடுமையையும் மெல்ல ஏற்ற வேண்டும். மைதானத்தோரம் ஆள் படுக்கிற அளவு தொட்டியில் தண்ணீரும், உடைத்துப் போட ஐஸ் பாரும் இருக்க வேண்டும். உளறல், தள்ளாட்டம், திடீர்க் கோபம் தெரிந்தால் கழுத்துவரை அதில் இறக்கி, தலையைத் தூக்கிப் பிடித்து, உடம்பு 39 டிகிரிக்குக் கீழே வந்தபின்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், ஆனால் அது வரும்வரை நிழலில் படுக்க வைத்து விசிறுவது போதாது. அரை மணி நேரத்துக்குள் குளிர்வித்தால் பிழைப்பார்கள். வியர்வை கொட்டுகிறதே, அப்போது இது வெப்பத் தாக்கம் இல்லை என்று நினைப்பதுதான் உயிரை எடுக்கிற தப்பு. உழைப்பில் வருகிற வெப்பத் தாக்கத்தில் வியர்வை கொட்டிக்கொண்டேதான் இருக்கும்.

காயங்களில் லைன்மேனுக்கே உரியவை சில உண்டு. பக்கத்து ஆள் பின்னங்கால் மேல் சரிந்து விழுவதால் முழங்கால் உள்தசைநார் பிய்யும். அதனால்தான் கல்லூரிகளில் பலர் இரும்புப் பட்டையோடு ஆடுகிறார்கள். நீட்டிய கை மேல் முழு எடையும் வந்தால் கைப் பின்தசை கிழியும். கிளீவ்லண்டின் ஜோ தாமஸ் 2007-ல் முதல் ஆட்டத்திலிருந்து ஒரு ஸ்னாப்கூட விடாமல் 10,363 ஸ்னாப் ஆடியதை 2017 அக்டோபரில் நிறுத்தியது அந்தக் கிழிசல்தான். பத்து ஆண்டு தொடர்ந்து புரோ பவுல் என்கிற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு, 2023-ல் ஹால் ஆஃப் ஃபேம், ஆனால் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடியதில்லை. விரல்கள் கணக்கில் வராது. பிசகிய விரலைப் பக்கத்து விரலோடு டேப் சுற்றி அடுத்த ஸ்னாப்புக்கு வந்துவிடுவார்கள்.

தலை வேறு சங்கதி. லைன்மேனுக்கு மயக்கம் போடுகிற பெரிய அடி குறைவு. ஒவ்வொரு ஸ்னாப்பிலும் சின்ன அடி. பிட்ஸ்பர்க் சென்டராகப் பெயர் பெற்ற மைக் வெப்ஸ்டர் 17 சீசன் ஆடி, 2002-ல் 50 வயதில் இறந்தார். டாக்டர் பென்னட் ஒமாலு அவர் மூளையில் கண்டு 2005-ல் வெளியிட்டதுதான் என்.எஃப்.எல். வீரர் ஒருவரிடம் உறுதியான முதல் சி.டி.இ., அதாவது தலையில் தொடர்ந்து அடி வாங்குவதால் வரும் மூளைச் சிதைவு நோய். 2022 முதல் முகாம் பயிற்சியில் லைன்மேன்கள் ஹெல்மெட்டுக்கு மேல் கார்டியன் கேப் என்ற பஞ்சு உறை போட வேண்டும் என்று விதி வந்தது. பார்க்கக் காளான் மாதிரி இருக்கும், ஆரம்பத்தில் எல்லாரும் கேலி செய்தார்கள்.

இத்தனை வேலைக்கும் அதிகாரப்பூர்வக் கணக்கு என்று ஒன்றும் கிடையாது. சாக் எடுத்தவருக்கு எண் உண்டு, தடுத்தவருக்கு இல்லை. யார் விட்ட சாக் என்பதை ஒவ்வொரு புள்ளிவிவர நிறுவனமும் ஒவ்வொரு விதமாக எழுதும். ஆட்டத் திட்டம் தெரியாமல் எழுதுவதால் அதில் பாதியை நான் நம்புவதில்லை.

ஓய்வுக்குப் பிறகு முதல் வேலை எடையை இறக்குவது. தூக்கத்தில் மூச்சடைப்பு, ரத்த அழுத்தம், முழங்கால் தேய்மானம் எல்லாம் அந்த எடையோடு வந்தவை. ஆறாயிரம் கலோரி பழகிய வயிறு பயிற்சியை நிறுத்திய மறுநாளும் அதே அளவு கேட்கும். அதற்குக் கட்டுப்பட்டவர்கள் 180 கிலோவுக்குப் போய்விடுகிறார்கள். ஜோ தாமஸ் சுமார் 50 பவுண்டு இறக்கினார். கார்டு ஆலன் ஃபனேகா 100 பவுண்டுக்கு மேல் இறக்கி 2014-ல் நான்கு மணி நேரத்துக்குள் மாரத்தான் ஓடி முடித்தார். இருவரும் செய்தது ஒன்றுதான்: கனமான பாரம் தூக்குவதை விட்டுவிட்டு நீச்சல், சைக்கிள், ஓட்டம் பக்கம் போனார்கள், வேளைகளைக் குறைத்தார்கள். ஓய்வூதிய உரிமைக்கு மூன்று சீசன் கணக்கில் ஏற வேண்டும், ஒரு சீசன் கணக்கில் ஏற மூன்று ஆட்டத்துக்காவது பட்டியலில் இருக்க வேண்டும். அந்த மூன்று சீசன் தேறியவருக்கு ஆட்டத்தை விட்டபின் ஐந்து ஆண்டு மருத்துவக் காப்பீடு. மூன்றாவது சீசனில் மூன்று ஆட்டம் சேருமுன் வெட்டப்பட்டு, பிறகு எங்கும் இடம் கிடைக்காதவருக்கு இரண்டும் கிடையாது. நவம்பர் மாதத்தில் முப்பது வயதுப் பதிலாள் லைன்மேன்கள் பிராக்டிஸ் ஸ்குவாடிலிருந்து மேலே ஏற்றச் சொல்லி ஏஜெண்டை நச்சரிப்பது இந்த மூன்று ஆட்டக் கணக்குக்காகவும்தான்.